கூடத்துக் கணிப்பொறிக்கு மறுவாழ்வு

தமிழகத்தை விட்டு வெளியூர்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் கூடம் என்பது வெறும் அறை அன்று. வெளியே இந்தியும் மராத்தியும் வங்காளியும் ஒலிக்கும் ஊரில், கதவைச் சாத்தியதும் தமிழ் ஒலிக்கத் தொடங்கும் இடம் அது. அங்கே ஒரு காலத்தில் வால்வு ரேடியோ அமர்ந்திருந்தது. பின்னர் டேப் ரிகார்டர் வந்தது. அதன் பின் வீடியோ டெக் வந்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், அவை அனைத்தின் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே வந்து அமர்ந்தது ஒரு கறுப்புப் பெட்டி. 'ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்' என்று அதற்குப் பெயர்.

பாட்டும் படமும், குடும்பப் புகைப்படங்களும், திருமண வீடியோக்களும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க, வேண்டியபோது வேண்டியதைப் பெரிய திரையில் காட்டுவதற்கென்றே அமைந்த கணிப்பொறி அது. 2002-ம் ஆண்டு அதற்கு நல்ல ஆண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பியின் 'மீடியா சென்டர்' பதிப்பை வெளியிட்டது அவ்வாண்டில்தான். பின்னாளில் 'கோடி' என்று பெயர் பெற்ற இலவச மென்பொருள், ஆர்வலர் சிலரின் கைவேலையாகத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டு செல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் முதல் தரமுறை வெளிவந்ததும் அவ்வாண்டின் இறுதியில்தான். அடுத்த பத்தாண்டுகளில், தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் எத்தனையோ இல்லங்களில், கணிப்பொறித் துறையில் பணியாற்றும் மகனோ மருமகனோ உதிரிப் பாகங்களை வாங்கிக் கோத்து இத்தகைய பெட்டியை அமைத்துக் கொடுத்ததுண்டு.

இன்று அப்பெட்டிக்கு வயதாகிவிட்டது. விசிறி பஞ்சாலை போல் இரைகிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாலும் திரை எழுவதில்லை. படம் நின்று நின்று ஓடுகிறது. ஒலி முன்னே போகிறது, உதடு பின்னே அசைகிறது. 'எல்லாம் கைப்பேசியிலேயே வருகிறதே, இது எதற்கு?' என்று பிள்ளைகள் கேட்கின்றனர். நம்மூரில் காயலான் கடை, இங்கே கபாடிவாலா. தெருவில் அவர் குரல் கேட்டதும், 'இதையும் போட்டுவிடலாமா?' என்ற எண்ணம் எழுவது இயற்கையே. அவ்வாறு போடுவதற்கு முன்னர் அன்பர்கள் ஓய்வான ஒரு நாளை அப்பெட்டிக்கு ஒதுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

பெட்டியின் உள்ளே இருப்பது என்ன?

அப்பெட்டியில் உள்ள திரைப்படங்களும் பாடல்களும் அழிந்தால் பெரிய நட்டம் இல்லை. வேறோர் இடத்தில் அவற்றைப் பெற்றுவிடலாம். ஆனால் 1998-ல் மாயவரத்தில் நடந்த பாட்டனாரின் சதாபிஷேகமும், இன்று இடிக்கப்பட்டுவிட்ட பூர்வீக வீட்டின் முற்றமும், மூன்று வயதில் குழந்தை தன் ஊர் உறவினர் முன் பாடிய பாட்டும் உலகில் வேறெங்கும் இல்லை. ஊரில் இருப்பவர்க்கு அந்த வீட்டின் தடமேனும் மிஞ்சும். ஊரை விட்டு வந்தவர்க்கு மிஞ்சுவது பெரும்பாலும் இந்தப் பதிவுகளே.

நான் அறிந்த ஓர் இல்லத்தில் பழைய பெட்டி ஒரு நாள் எழ மறுத்தது. புதிய தொலைக்காட்சி வாங்கிய மகிழ்ச்சியில், பழைய பெட்டியை அப்படியே எடைக்குப் போட்டனர். ஆறு மாதம் கழித்துப் பாட்டியின் ஆண்டு நினைவு வந்தபோதுதான், அம்மூதாட்டி தாலாட்டுப் பாடிய ஒரே பதிவு அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்பதை உணர்ந்தனர். பழுதாகியிருந்தது மின்சாரம் வழங்கும் பகுதி மட்டுமாகவும் இருந்திருக்கலாம். பதிவுகள் உறையும் தட்டு பழுதின்றியே போயிருக்கலாம். அதை அறிய இனி வழியில்லை.

ஆதலின் இப்பணிக்கு இரு நோக்கங்கள் உண்டு. பதிவுகளைக் காப்பது ஒன்று. பெட்டியைச் சீர்செய்வது மற்றொன்று. இவ்விரண்டின் வரிசையை மாற்றுதல் கூடாது.

முதற் கடமை: படியெடுத்தல்

பதிவுகள் உறையும் 'ஹார்டு டிஸ்க்' என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை அது சுழல, மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் ஒரு முள் அதன் மேல் மிதந்து படிக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த தட்டை நம்பி நாளைக்கு ஒத்திவைப்பது தகாது. பெட்டி இன்னும் இயங்குமாயின், வேறெதையும் தொடுவதற்கு முன்னர், வெளியே இணைக்கும் புதிய டிஸ்க் ஒன்று வாங்கிக் குடும்பப் பதிவுகள் அனைத்தையும் அதில் படியெடுத்துவிட வேண்டும்.

பெட்டி இயங்கவில்லையாயின் அஞ்ச வேண்டுவதில்லை. தட்டைக் கழற்றி, சில நூறு ரூபாயில் கிடைக்கும் யு.எஸ்.பி. இணைப்பியில் பொருத்தினால் வேறொரு கணிப்பொறியில் அதைப் படிக்கலாம். மேசைக் கணிப்பொறியின் 3.5 அங்குலத் தட்டுக்குத் தனி மின் இணைப்புள்ள இணைப்பியே வேண்டும் என்பதை மட்டும் கடைக்காரரிடம் சொல்லி வாங்குக.

தட்டின் உடல்நிலையை அது தானே குறித்து வைக்கிறது. 'ஸ்மார்ட்' என்னும் அக்குறிப்பைக் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள்கள் காட்டும். பழுதடைந்து மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள் எத்தனை, படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகள் எத்தனை என்னும் இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும். அவை சுழியாக இருப்பது நலம். நாளுக்கு நாள் ஏறுமாயின் தட்டு விடைபெறுகிறது என்பது பொருள்.

தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை சீராக எழுந்தால் உடனே நிறுத்திவிடுக. முள் தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கும் ஓசை அது. அப்போது 'செக் டிஸ்க்' போன்ற பழுது நீக்கும் ஆணைகளை ஓட்டுவது, மூச்சுத் திணறும் நோயாளியை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உள்ளே ஈரம் படிந்து, இருப்பதும் போகும். ஓசை இல்லாமல் ஆங்காங்கே மட்டும் படிக்க இயலாத தட்டுக்கு, லினக்சில் இயங்கும் 'டிடிரெஸ்க்யூ' என்னும் கருவி ஏற்றது. அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றை இறுதிக்கு விட்டுவைக்கும். ஓசை எழும் தட்டில் விலைமதிப்பற்றது ஏதேனும் இருப்பின், அதற்கென்றே உள்ள மீட்பு நிலையத்தை நாடுவதே முறை. செலவு மிகும் என்பதையும் அறிந்தே நாட வேண்டும்.

நோய் அறிதல்

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. கணிப்பொறி மருத்துவர்க்கும் அதுவே நெறி. பெரும்பாலான பழுதுகளைக் குறியைக் கொண்டே ஊகிக்கலாம்.

பொத்தானை அழுத்தியும் விளக்கே எரியவில்லை எனில், ஐயம் மின்சாரத்தின் மேல் செல்ல வேண்டும். சுவர் இணைப்பு, கம்பி, பின்னர் எஸ்.எம்.பி.எஸ். என்ற வரிசையில் சோதிக்க. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்களாக மாற்றித் தருவது இந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியே. அதை மாற்றலாம், ஒருபோதும் திறக்கலாகாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் உள்ள மின்தேக்கிகள் உயிருக்கு ஊறு செய்யும் அளவு மின்சாரத்தை வைத்திருக்கக்கூடும்.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது எனில், 'ராம்' பட்டைகளைக் கழற்றுக. அவற்றின் பொன்னிறப் பற்களை மெல்லிய பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் பாதிக் கேடு நீங்கிவிடும். மும்பையிலும் கல்கத்தாவிலும் மழைக்காலத்து ஈரக்காற்று இப்பற்களில் மாசேற்றுவது வழக்கம்.

கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குத் திரும்புகிறது எனில், மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்தது. சி.ஆர். 2032 என்பது அதன் எண், 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இது சிறு பழுது போல் தோன்றும். ஆனால் தேதி பின்னே போனால், இணையதளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் 'இன்னும் தொடங்காதவை' என்று கருதப்பட்டு, தளங்களே திறக்க மறுக்கும். இணையம் கெட்டுவிட்டது என்று எண்ணி அலைவோர் பலர், கெட்டது மின்கலம்.

படம் அரை மணி ஓடிய பின் பெட்டி தானே அணைகிறது எனில், அது வெப்ப நோய். மதர்போர்டின் மேல் நிற்கும் சிறு உருளை மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலோ, அவற்றிலிருந்து பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ, அது முதுமை நோய். அவற்றைப் பற்றவைத்து மாற்றும் கைத்திறன் உள்ளவர்கள் நம் நகரங்களில் இன்றும் உள்ளனர்.

தூசும் வெப்பமும்

கூடத்துக் கணிப்பொறி பெரும்பாலும் தொலைக்காட்சி அலமாரிக்குள், மூன்று புறமும் அடைத்த இடத்தில் வாழ்கிறது. தில்லியின் மே மாதப் புழுதிக்காற்றும், சாம்பிராணிப் புகையும், சமையலறை எண்ணெய் ஆவியும் அதன் விசிறியில் கம்பளி போல் படிகின்றன. வெப்பம் வெளியேற வழியின்றி, மையச் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. படம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிது வாங்கத் துணிந்த பலருக்கு, உண்மையில் வேண்டியிருந்தது ஒரு தூரிகைதான்.

சுவர் இணைப்பைப் பிடுங்கி, பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தையும் போக்குக. தில்லிக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையோடு இவ்வேலையில் இறங்கலாகாது. விசிறியின் இறகை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையாலும் காற்றூதியாலும் தூசைப் போக்க வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று அதன் அச்சு கெடும்.

செயலியின் மேல் அலுமினியத் தகடுகளாலான வெப்பம் போக்கி ஒன்று உண்டு. 'ஹீட் சிங்க்' என்பர். இரண்டுக்கும் இடையே பூசிய 'தெர்மல் பேஸ்ட்' பல ஆண்டுகளில் காய்ந்து சுண்ணாம்பு போலாகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் அதைத் துடைத்து, பச்சைப்பட்டாணி அளவுக்கு மேற்படாமல் புதிய பசையை நடுவில் இட்டுத் தகட்டை நேராக அழுத்திப் பொருத்துக. செலவு சொற்பம், பயனோ பெரிது. பெட்டியை அலமாரியினின்று வெளியே எடுத்து நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வைப்பதற்குச் செலவே இல்லை.

எங்கே செலவிட்டால் பலன்?

சீர்செய்த பின்னரே புதுக்கல். இங்கே பணம் வீணாகும் வழிகள் பல. பலன் தரும் வழிகள் சில.

முதலிடம் எஸ்.எஸ்.டி.-க்கு. சுழலும் தட்டில் முள் ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்ல ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி ஆகிறது. கணிப்பொறி எழும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்குமிங்கும் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால்தான் அத்தனை தாமதம். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.-யில் அத்தாமதம் இல்லை. பழைய சாட்டா கம்பியிலேயே அது பொருந்தும். ஆனால் ஓர் உண்மையை மனத்திற் கொள்க: படங்களைச் சேமிக்க எஸ்.எஸ்.டி. வேண்டுவதில்லை. புளூ ரே தட்டின் படம்கூட வினாடிக்கு 54 மெகாபிட், அதாவது 7 மெகாபைட்டுக்கும் குறைவாகவே கேட்கிறது. சுழலும் தட்டு அதைப் போல் பத்து மடங்குக்கு மேல் தர வல்லது. ஆகவே இயக்க மென்பொருளுக்குச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று, சேமிப்புக்குப் பெரிய சுழல்தட்டு ஒன்று என்பதே சிக்கனமும் அறிவும்.

அடுத்தது ராம். 2 ஜிபி இருப்பின் 4 அல்லது 8 ஆக்குக. அதற்கு மேல் படம் பார்ப்பவர்க்குத் தேவையில்லை. டி.டி.ஆர். 2, 3, 4 என்பவை ஒன்றுக்கொன்று பொருந்தா. பட்டையின் வெட்டுவாயே வேறு. கடைக்குச் செல்லும்போது பழைய பட்டையைக் கையோடு எடுத்துச் செல்க.

மூன்றாவது, படத்தின் மொழி. வீடியோ என்பது சுருக்கி எழுதப்பட்ட செய்தி. அச்சுருக்கெழுத்துகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. 2003-ல் எச். 264, 2013-ல் எச்.இ.வி.சி., 2018-ல் ஏ.வி. 1 என ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைந்த இடத்தில் அதே தெளிவைத் தருகிறது; ஆனால் விரித்துப் படிப்பது கடினமாகிறது. விரித்துப் படிக்கத் தனிச் சுற்று இருந்தால் செயலி வியர்ப்பதில்லை. இன்டெல் செயலிகளில் 2015-ன் 6-ம் தலைமுறையில் எச்.இ.வி.சி.-க்கும், அடுத்த தலைமுறையில் அதன் 10 பிட் வகைக்கும், 2020-ன் 11-ம் தலைமுறையில் ஏ.வி. 1-க்கும் அச்சுற்று வந்தது. அதற்கு முற்பட்ட பெட்டி புதிய படத்தில் திணறுவது பழுதன்று. அம்மொழி அதற்குத் தெரியாது, அவ்வளவே. 2017-ல் வந்த 'ஜி.டி. 1030' போன்ற சிறு கிராபிக்ஸ் அட்டை ஒன்று எச்.இ.வி.சி.-யைக் கற்றுக்கொடுத்துவிடும். அது 30 வாட்டுக்குள் அடங்குவதால் தனி மின்கம்பி வேண்டுவதில்லை.

4 கே தொலைக்காட்சி வாங்கியவர்கள் மற்றொன்றையும் நோக்க வேண்டும். பழைய முழுத்தெளிவுத் திரையில் புள்ளிகள் 20,73,600. 4 கே திரையில் 82,94,400, அதாவது சரியாக நான்கு மடங்கு. 2009-ன் எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு இத்தனை புள்ளிகளை வினாடிக்கு 30 முறையே அனுப்பும், 2013-ன் 2.0 இணைப்பே 60 முறை அனுப்பும். பழைய பெட்டி, புதிய திரை என்றால், முழுத்தெளிவிலேயே அனுப்பிவிட்டு விரிவாக்கத்தைத் தொலைக்காட்சியிடம் விடுவது நல்லது. நம் பழைய குடும்ப வீடியோக்களுக்கு அது தாராளம்.

செலவில்லாத திருத்தம் ஒன்றும் உண்டு. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்கள். இந்தியாவில் வாங்கிய பழைய கேமராக்கள் எடுத்த வீடியோ 25 சட்டங்கள். கணிப்பொறியோ திரையை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 25-க்கு 60 சரியாக வகுபடாததால், ஊர்வலம் நடக்கும்போது படம் மெல்ல நொண்டுகிறது. கோடியின் அமைப்பில், படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றுமாறு குறித்துவிட்டால் 25-க்கு 50 என்று பொருந்தி, நடை சீராகும். பட்டறைக்குப் போகாமலே தீரும் நொண்டி இது.

எந்த இயக்க மென்பொருள்?

மீடியா சென்டர் 2015-ன் விண்டோஸ் 10-ல் நீக்கப்பட்டது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-ம் தேதியும், விண்டோஸ் 10-க்குப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியும் முடிந்தன. விண்டோஸ் 11 வேண்டுமாயின் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் எனில் 8-ம் தலைமுறைச் செயலியும் வேண்டும். நம் கூடத்துப் பெட்டிகளில் பல இத்தேர்வில் தேறா.

அதனால் பெட்டி செத்துவிட்டது என்று பொருளன்று. 'லிப்ரெ எலெக்' என்னும் இலவச லினக்ஸ் வகை, பெட்டி எழுந்தவுடன் நேரே கோடியின் திரைக்கே கொண்டுவிடும். வேறு தொல்லை இல்லை. கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் வேண்டுமாயின் 'லினக்ஸ் மின்ட்' ஏற்றது. அதைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மட்டும் பதியலாம். விண்டோஸில் எழுதிய பழைய தட்டுகளை இவை படிக்கும்.

ஒன்று சொல்லிவைக்க வேண்டும். ஓ.டி.டி. நிறுவனங்கள் பல, லினக்ஸ் பெட்டிக்கு உயர்தெளிவுப் படத்தை அனுப்புவதில்லை. புதிய படங்களையும் தமிழ்த் தொடர்களையும் தொலைக்காட்சியிலோ, அதில் செருகும் சிறு குச்சியிலோ பார்த்துக்கொள்க. நம் சொந்தச் சேமிப்பைக் காப்பதும் காட்டுவதுமே கணிப்பொறியின் பணி என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை. பழைய டி.வி. டியூனர் அட்டைக்கும் விடைகொடுத்துவிடலாம்; 2012-ல் பெருநகரங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறியதோடு அதன் பயனும் தீர்ந்தது.

நாடாக்களை மறவாதீர்

பெட்டியை எறிவதற்கு முன்னர் அதன் முதுகை ஒரு முறை பார்க்க. 'ஃபயர்வயர்' அல்லது '1394' என்று குறித்த சிறு துளை இருக்கிறதா? இருந்தால் அது புதையல். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நம்மவர் பலர் வாங்கிய மினி டி.வி. கேமராக்களின் நாடாவை மூலத் தெளிவு குன்றாமல் எடுப்பதற்குரிய வழி அது. இன்றைய கணிப்பொறிகளில் அத்துளை இருப்பதில்லை. ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் வேண்டும்; படியெடுக்கவும் முழுதாக ஒரு மணி ஆகும். அலமாரியில் நாடாக்கள் இருக்குமட்டும் இப்பழைய பெட்டிக்குப் பணி ஓய்வு இல்லை.

பெரிய வி.எச்.எஸ். நாடாக்களை டெக்கில் ஓட்டி, யு.எஸ்.பி. பதிவி வழியாக எடுக்கலாம். வெண்பூசணம் பூத்த நாடாவைத் துப்புரவாக்காமல் ஓட்டினால் டெக்கும் கெடும், நாடாவும் கெடும். திருமணத்தை எழுதிக் கொடுத்த டி.வி.டி.-க்களையும் இப்போதே படியெடுக்க வேண்டும். வீட்டிலும் ஸ்டூடியோவிலும் எழுதும் தட்டுகளின் சாயம் நாளடைவில் மங்கக்கூடியது.

எடுத்தவற்றுக்குப் பெயரிடுதலும் பணியின் பகுதியே. 'வீடியோ 17' என்பது பெயராகாது. '1998 மாயவரம், தாத்தா சதாபிஷேகம், இடப்புறம் பெரிய அத்தை' என்று தமிழிலேயே எழுதிவைக்க. முகங்களை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உடன் அமர்த்திக் கேட்டு எழுதுக. தட்டு பிழைத்தாலும், பெயர் தெரியாத முகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியமே.

எங்கே நிறுத்துவது?

மதர்போர்டே கெட்டுவிட்டால், அதற்கேற்ற பழைய பலகையைத் தேடி அலைவது அறிவன்று. பழுதுபார்க்கும் செலவு, புதிய சிறு கணிப்பொறியின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. 2023-ல் வந்த இன்டெல் 'என் 100' செயலியுடைய கையகலப் பெட்டிகள் ஏ.வி. 1 உட்பட எல்லா மொழிகளையும் படிக்கின்றன.

மின்கணக்கையும் பார்க்க வேண்டும். பழைய பெட்டி 60 வாட் உண்ணுவதாகக் கொள்வோம். நாள் முழுதும் விட்டுவைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 525 யூனிட். 10 வாட் பெட்டிக்கு 88 யூனிட்டுக்கும் குறைவு. நாள்தோறும் இரண்டு மணி மட்டும் ஓட்டி அணைப்பவர்க்குப் பழையதே 44 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அவர் புதிது வாங்கி மின்கட்டணத்தில் மிச்சம் பிடிக்க இயலாது. ஆகவே பெட்டியை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதை வைத்தே முடிவு செய்தல் வேண்டும்.

பாகங்கள் வாங்க நம்மவர்க்கு இடமறியாத குறை இல்லை. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கல்கத்தாவில் சாந்தினி, விடுமுறையில் சென்னை சென்றால் ரிச்சி தெரு. ராமும் கிராபிக்ஸ் அட்டையும் பழையதாகவே வாங்கலாம்; கடையிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுக. எஸ்.எம்.பி.எஸ்.-ஸும் ஹார்டு டிஸ்கும் மட்டும் புதியனவாகவே, ரசீதுடன் வாங்குக.

இறுதியில் கழிக்க வேண்டியவற்றை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. இதற்கென 2022-ல் வகுத்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தட்டைக் கொடுக்குமுன் அதன் மேல் முழுதுமாக ஒரு முறை வெற்றெழுத்தால் எழுதி மூட வேண்டும். அழித்தல் என்னும் ஆணை பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிறது; பக்கங்கள் அப்படியே இருக்கும், வங்கித் தாள்களும் அதில் இருக்கும்.

ஒரு படி ஊருக்கு

பதிவுகளுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை ஒரே வகைச் சாதனத்தில் இருத்தல் கூடாது. ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது இத்துறையில் தேர்ந்தோர் கூறும் விதி. மூன்றாவது நிபந்தனை மற்றவர்க்குச் சற்றுக் கடினம். நமக்கோ அது மிக எளிது. கோடை விடுமுறையில் ரயிலேறும்போது, துணிமணிகளுக்கு நடுவே ஒரு சிறு டிஸ்க்கை வைத்து, ஊரில் உள்ள அண்ணனிடமோ தங்கையிடமோ கொடுத்துவிட்டு வரலாம். அடுத்த ஆண்டு செல்லும்போது புதிய பதிவுகளைச் சேர்த்து மாற்றிவைக்கலாம். ஊரில் இருப்போரிடம் உள்ள பழைய படங்களையும் அவ்வாறே இங்குக் கொண்டுவரலாம்.

விசிறியைத் துடைப்பதும் பசை பூசுவதும் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கும். படியெடுத்தல் மட்டும் காத்திருக்காது. பெட்டி இன்றிரவு எழுமாயின், அதை இன்றிரவே தொடங்கிவிடுக.